ஃபிரான்ஸ் செல் கர்வ் கோணலா வருதா? அறிகுறிய வச்சு பிழைய பிடிக்கிற வழி

தோல்ல தடவுற மருந்து எவ்ளோ உள்ள போகுதுன்னு லேப்ல பாக்குற எக்ஸ்பெரிமென்ட்ல ரிசல்ட் கோணலா வந்தா எல்லாரும் முதல்ல கை வைக்கிறது ஃபார்முலேஷன் மேலதான். ஜெல் சரியில்ல, புரோப்பிலீன் கிளைக்கால் கூடிப்போச்சு, பாலிமர மாத்தணும்னு ஓடுவாங்க. ஆனா தப்பு பெரும்பாலும் தோல் துண்டுலயோ, தோல இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்லயோ, தோலுக்கு கீழ மருந்த வாங்கிக்கிற ரிசெப்டார் திரவத்துலயோ, இல்ல எக்ஸெல் ஷீட்லயோதான் இருக்கும். அது எங்க இருக்குன்னு, நேரத்துக்கு நேரம் எவ்ளோ மருந்து தாண்டுச்சுன்னு போடுற கர்வோட ஷேப்பே முக்காவாசி சொல்லிடும்.

1975ல தாமஸ் ஃபிரான்ஸ் பேப்பர் போட்டதுக்கு அப்புறம் பரவுன அந்த கண்ணாடி ஃபிரான்ஸ் செல்லத்தான் இன்னிக்கும் எல்லாரும் வச்சிருக்கோம், மேல மருந்து தடவுற டோனர் அறை, நடுவுல தோல், கீழ ரிசெப்டார், பக்கவாட்டுல சாம்பிள் எடுக்குற குழாய். இது தெரிஞ்சவங்களுக்காகத்தான் எழுதுறேன், அடிப்படையில இருந்து ஆரம்பிக்கல.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல ரெண்டு கேள்வி. கோணல் ஒரே ஒரு செல்லுல மட்டுமா, எல்லா செல்லுலயுமா? ஒண்ணுல மட்டும்னா அந்த தோல் துண்டு, அந்த கிளாம்ப், திரவத்த கலக்குற அந்த மேக்னட், அந்த செல்லுல இருக்குற காத்துக்குமிழி. எல்லாத்துலயும்னா ரிசெப்டார், டெம்பரேச்சர், அனலிட்டிகல் மெத்தட், இல்ல வாங்கிட்டு வந்த தோல் மொத்தமுமே. அடுத்த கேள்வி, கோணல் முதல் சாம்பிள்லயே இருக்கா, நடுவுல வந்துச்சா, ராத்திரி தாண்டி கடைசில வந்துச்சா? இது ரெண்டும் தெரியணும்னா சராசரிய தூக்கி ஓரமா வச்சுட்டு ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி கோடு போட்டு பாக்கணும். சராசரி எடுத்தா லீக் ஆன ஒரு செல் மத்த அஞ்சு நல்ல செல்லையும் கெட்டது மாதிரி காட்டிடும்.

அறிகுறி: முதல் சாம்பிள்லயே மருந்து எக்கச்சக்கம்

அரை மணி நேரத்துலயே ரிசெப்டார்ல பெரிய பீக் (அளக்குற கருவி காட்டுற மேடு) வருதுன்னா சந்தோஷப்படாதீங்க. ஸ்ட்ராட்டம் கார்னியம் (தோலோட உச்சி அடுக்கு) 10–20 மைக்ரான்தான் கனம், ஆனா முழு பேரியரும் அதுதான், நல்ல தோலா இருந்தா கொஞ்ச நேரம் லேக் (தாமதம்) கண்டிப்பா இருக்கும். லேகே இல்லன்னா ரெண்டுல ஒண்ணு, ஓரத்துல லீக் இல்ல தோலே கிழிஞ்சிருக்கு. லீக்னா முதல் பாயிண்ட் சட்டுனு எகிறும், அப்புறம் கோடு மத்த செல்லுக்கு இணையாவே போகும், ஏன்னா ஆரம்பத்துல டோஸ் தடவும்போதோ கிளாம்ப் போடும்போதோ ஒரு வாட்டி இறங்குனதோட சரி. தோல் கெட்டிருந்தா எகிறுறது நிக்காது, கோடு முழுக்க செங்குத்தா ஏறும், டோஸ் தீந்ததும் படுத்துடும்.

எக்ஸ்பெரிமென்ட் முடிஞ்சப்புறம் உறுதிப்படுத்திக்கணும்னா தோல் மேல மெத்திலீன் புளூ ரெண்டு சொட்டு விட்டு கொஞ்ச நேரம் வச்சு கழுவி, திருப்பி அடிப்பக்கம் பாருங்க, புள்ளியா நீலம் தெரிஞ்சா ஓட்டை, விளிம்புல வளையமா தெரிஞ்சா கிளாம்ப். மாஸ் பேலன்ஸ் (தடவுன மருந்து எங்கெங்க போச்சுன்னு கூட்டிப் பாக்குறது) பண்ணப்போற செல்லுல மட்டும் இத பண்ணிடாதீங்க, சாயம் எக்ஸ்ட்ராக்ட்ல கலந்து ஹெச்பிஎல்சிய (கலவைய பிரிச்சு மருந்த அளக்குற கருவி) நாசம் பண்ணிடும்.

ஆனா இதெல்லாம் முடிஞ்சப்புறம் பாக்குற போஸ்ட்மார்ட்டம், சரியான இடம் டோஸ் போடுறதுக்கு முன்னாடி. தோல் வழியா ஆவியாகுற தண்ணிய அளக்குற மீட்டர் இருந்தா மனிதத் தோலுக்கு 10–15 கிராம்/சதுர மீட்டர்/மணிக்கு மேல காட்டுற துண்டுகள பல லேப்ல ஒதுக்கிடுவாங்க. டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) தண்ணி முறைல ஊடுருவல் குணகம் மணிக்கு 0.0025 செ.மீ.க்கு மேல போனா ஒதுக்குறது பழைய வழக்கம். ரெண்டும் இல்லாத காலேஜ் லேப்ல சாதாரண எல்சிஆர் மீட்டர் (மின்தடை அளக்குற கருவி) போதும், ரெண்டு பக்கமும் பிபிஎஸ் (பாஸ்பேட் பஃபர் உப்புத் தண்ணி) ஊத்தி, மேல ஒரு எலக்ட்ரோடு குழாய் வழியா ஒரு எலக்ட்ரோடு விட்டு ரெசிஸ்டன்ஸ் எடுங்க. பேப்பர்ல இருக்குற கட்-ஆஃப் நம்பர அப்படியே எடுத்துக்காதீங்க, அது பரப்பளவையும் ஃப்ரீக்வென்சியையும் பொறுத்து மாறும். நல்ல தோல் சிலதும் வேணும்னே ஊசி குத்துனதும் டேப் வச்சு உரிச்சதும் சிலதும் அளந்து உங்க செல்லுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கோங்க. அளந்து முடிச்சதும் மேல இருக்குற பிபிஎஸ்ஸ வடிச்சு ஒத்தி எடுத்துட்டுதான் டோஸ், ஈரத்து மேல ஜெல் தடவுனா அது வேற ஃபார்முலேஷன்.

எல்லா துண்டுமே கெட்டதா வந்தா தோல் வாங்குன இடத்த கேளுங்க. பன்னிக் காது தோல் மனிதத் தோலுக்கு ரொம்ப பக்கத்துல நிக்குற மாடல்தான், ஆனா வெட்டுற இடத்துல முடி எடுக்க சுடுதண்ணில முக்குவாங்க, சுமார் 60 டிகிரி. லேப்ல எபிடெர்மிஸ (மேல்தோல்) தனியா உரிச்சு எடுக்க நாம பயன்படுத்துறதும் அதே 60 டிகிரி தண்ணி, ஒரு நிமிஷம்தான்! அங்க முக்கி எடுத்த காதுல பேரியர் ஏற்கனவே கழண்டிருக்கும், பாக்க மட்டும் சுத்தமா வழவழன்னு இருக்கும். சில கடைல நெருப்புல பொசுக்குவாங்க, அதுவும் ஆகாது. முக்குறதுக்கு முன்னாடியே, பொசுக்காம, காத வெட்டி ஐஸ்ல வச்சு குடுங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். முடிய கத்தரிக்கோலால ஒட்ட வெட்டுங்க, ஷேவ் பண்ணாதீங்க, முடி நீக்குற கிரீம் சுத்தமா வேண்டாம், அதுல இருக்குற தயோகிளைக்கோலேட் கெரட்டின உடைக்கத்தான் இருக்கு.

அறிகுறி: 24 மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே வரல

மருந்து தோல தாண்டலன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. 1% ஜெல்ல சதுர செ.மீ.க்கு 10 மி.கி தடவுனா மருந்து 100 மைக்ரோகிராம். 9 மி.மீ வாய் இருக்குற செல்லோட பரப்பு 0.64 சதுர செ.மீ, அப்ப மொத்தம் 64 மைக்ரோகிராம். அதுல 1 சதவீதம் தாண்டுச்சுன்னு வச்சா 0.64 மைக்ரோகிராம், அத 5 மி.லி ரிசெப்டார்ல கரைச்சா மி.லி.க்கு 128 நானோகிராம். இது 24 மணி நேரத்து கணக்கு, முதல் சில சாம்பிள் இதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. யூவி ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வச்சுக்கிட்டு இத தேடுனா கிடைக்குமா? கிடைக்காது. கண்டுபிடிக்கிற கருவியோட எல்லைய இந்த நம்பரோட ஒப்பிட்டு பாத்துட்டுதான் தோல் வாங்கவே போகணும், முடிஞ்சா மாஸ் ஸ்பெக், இல்லன்னா நல்லா வேலிடேட் பண்ண ஹெச்பிஎல்சி.

கருவி சரின்னா அடுத்தது காத்துக்குமிழி. ரிசெப்டார் திரவத்த டீகேஸ் (கரைஞ்ச காத்த வெளியேத்துறது) பண்ணாம ஊத்துனா, செல்ல சுத்தி சுடுதண்ணி ஓடுற ஜாக்கெட் சூட்டுல கரைஞ்சிருந்த காத்து வெளிய வந்து தோலுக்கு அடில ஒட்டிக்கும், அந்த இடத்துல மருந்து இறங்க திரவமே இல்ல. பல சமயம் சாம்பிள் எடுத்து புது திரவம் விடும்போதுதான் குமிழி நுழையும். ஒவ்வொரு சாம்பிளுக்கு அப்புறமும் டார்ச் அடிச்சு பாருங்க, இருந்தா செல்ல சாய்ச்சு குழாய் வழியா வெளியேத்துங்க. அப்படியே மேக்னட் சுத்துதான்னும் பாருங்க, 600 ஆர்பிஎம்னு டிஸ்ப்ளேல காட்டும், மூணாவது செல்லுல மேக்னட் ஓரமா ஒட்டிக்கிட்டு துடிச்சிட்டு மட்டும் இருக்கும்.

டெம்பரேச்சர் அடுத்தது. ஓஈசிடிங்கிற பல நாட்டு பொருளாதார அமைப்போட 428 வழிகாட்டி (2004) கேக்குறது தோல் மேற்பரப்புல 32 டிகிரி, ஒரு டிகிரி முன்ன பின்ன. வாட்டர் பாத் டிஸ்ப்ளேல 32ன்னு வச்சா தோல்ல 32 இருக்காது, குழாய்ல போற வழிலயே குறைஞ்சுடும், ஏசி ரூம்ல இன்னும் மோசம். வாட்டர் பாத்த 37 பக்கம் வச்சு மேற்பரப்ப தெர்மோகப்பிள் வச்சு அளந்து சரி பண்ணுங்க. வரிசைல கடைசில இருக்குற செல்லு எப்பவும் கொஞ்சம் சில்லுனு இருக்கும், அதையும் அளங்க.

மருந்து எண்ணெய் ஜாதியா இருந்தா பிரச்சனை வேற. மேல்தோல தாண்டி டெர்மிஸ் (அடித்தோல்) வரைக்கும் வந்துடும், அங்கிருந்து தண்ணிக்கு இறங்க மனசு வராது. உயிரோட இருக்குற உடம்புல எபிடெர்மிஸுக்கு கீழயே ரத்தக்குழாய் இருந்து வாரிட்டு போயிடும், நம்ம செல்லுல ரத்தம் இல்ல, முழு கனத் தோல போட்டா மருந்து மொத்த டெர்மிஸையும் நடந்து கடக்கணும். அதனாலதான் டெர்மடோம்ல (தோல மெல்லிசா சீவுற கருவி) சீவி 200–400 மைக்ரான் எடுக்கச் சொல்றாங்க. ரிசெப்டார்ல மருந்தோட செறிவு அதோட கரைதிறன்ல பத்துல ஒரு பங்க தாண்டக் கூடாது, வெறும் பிபிஎஸ்ல அது முடியலன்னா போவைன் அல்புமின் சேர்க்கலாம், ஓலெத்-20 மாதிரி சர்ஃபாக்டன்ட் சேர்க்கலாம். எத்தனால் பாதிக்கு பாதி ஊத்துறத நிறைய தீசிஸ்ல பாக்குறேன், எனக்கு அதுல உடன்பாடு இல்ல, எத்தனால் கீழ இருந்து மேல ஏறி தோலோட கொழுப்ப கரைச்சு பேரியரையே மாத்திடும், அப்புறம் அளக்குறது வேற ஏதோ.

இவ்ளோ பாத்தும் வரலன்னா மருந்தோட குணத்த பாருங்க. 500 டால்டனுக்கு மேல போனா தோல் வழியா போறது கஷ்டம்னு போஸ், மைனார்டி 2000ல எழுதுனது இன்னும் நல்ல கட்டைவிரல் விதி. பாட்ஸ், கை ரெண்டு பேரும் 1992ல குடுத்த சமன்பாடு இன்னும் வசதி, லாக் கேபி = −2.7 + 0.71 × லாக் பி − 0.0061 × மூலக்கூறு எடை, கேபிங்கிறது ஊடுருவல் குணகம், பிங்கிறது மருந்து எண்ணெய்க்கும் தண்ணிக்கும் நடுவுல பிரியுற விகிதம், விடை மணிக்கு செ.மீ. கஃபீனுக்கு போட்டா சுமார் 0.0001, டெஸ்டோஸ்டிரோனுக்கு சுமார் 0.008. தண்ணில கரைஞ்ச மருந்துக்கான கணக்கு இது, கிரீமுக்கு அப்படியே பொருந்தாது, ஆனா வரவேண்டியது நானோகிராமா மைக்ரோகிராமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுடும்.

அறிகுறி: ஏறுன கர்வ் இறங்குது

குமுலேட்டிவ் அளவு (அதுவரைக்கும் தாண்டுன மொத்தம்) எப்பவும் இறங்காது, உள்ள போனது போனதுதான். இறங்குனா முதல்ல எக்ஸெல்ல திறங்க. ஒவ்வொரு வாட்டியும் 0.5 மி.லி எடுத்துட்டு புது திரவம் விடுறோம், எடுத்ததுல இருந்த மருந்த கணக்குல சேக்கணும், அதாவது இப்ப இருக்குற செறிவு × மொத்த வால்யூம், கூட இதுக்கு முன்னாடி எடுத்த எல்லா சாம்பிளோட செறிவு × சாம்பிள் வால்யூம், மொத்தத்தையும் பரப்பால வகுக்கணும். இத விட்டுட்டு வெறும் செறிவ பிளாட் பண்ணா வரம்பு போட்ட (கொஞ்சமா தடவுற) டோஸ்ல கண்டிப்பா இறங்கும்.

கணக்கு சரியா இருந்தும் இறங்குனா மருந்து ரிசெப்டார்ல கெட்டுப்போகுது, இல்ல கண்ணாடிலயோ பிளாஸ்டிக் குப்பிலயோ ஃபில்டர்லயோ ஒட்டிக்குது. தோல் இல்லாம, தெரிஞ்ச அளவு மருந்த ரிசெப்டார்ல போட்டு 24 மணி நேரம் 37 டிகிரில வச்சு பாத்தா தெரிஞ்சுடும். டிரெட்டினாயின் மாதிரி வெளிச்சம் ஆகாத மருந்துக்கு மஞ்ச லைட்டு இல்லாம உக்காராதீங்க. எஸ்டர் மருந்துன்னா ஃபிரெஷ் தோல்ல என்சைம் உடைச்சிருக்கலாம், தாய் மருந்த மட்டும் தேடாம உடைஞ்சதையும் தேடுங்க.

ஃப்ளக்ஸ் (ஒரு மணி நேரத்துல ஒரு சதுர செ.மீ. தோல தாண்டுற மருந்து) இறங்குறது வேற விஷயம். 10 மி.கி மாதிரி கொஞ்சமா தடவுனா ஃப்ளக்ஸ் ஏறி ஒரு உச்சம் தொட்டு இறங்கும், அது தப்பில்ல. ஆல்கஹால் ஜெல்னா ஆவியாகுற நேரத்துல மருந்து அடர்ந்து ஒரு எகிறு எகிறும், அப்புறம் படிகமாயி உக்காந்துடும். இந்த மாதிரி கர்வுக்கு நேர்கோடு இழுத்து ஸ்டெடி ஸ்டேட் ஃப்ளக்ஸ்னு ஒரு நம்பர் எழுதுறத மட்டும் பண்ணாதீங்க, உச்ச ஃப்ளக்ஸ், மொத்த அளவு இது ரெண்டும் சொன்னா போதும். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட 2022 டிராஃப்ட் வழிகாட்டியும் இந்த ரெண்டத்தான் ஒப்பிடச் சொல்லுது.

அறிகுறி: செல்லுக்கு செல் நம்பர் மலைக்கும் மடுவுக்கும்

இதுல கொஞ்சம் தோலோட சுபாவம். ஃபெல்ட்மன், மைபாக் 1967ல ஹைட்ரோகார்ட்டிசோன வச்சு உடம்புல பல இடத்துல பாத்தாங்க, முன்கைய 1ன்னு வச்சா நெத்தி 6, விதைப்பை 42, உள்ளங்கால் 0.14. எல்லாம் மனிதத் தோல்தான், ஒரே மருந்துதான்! அப்ப ஒரு காதோட நுனில ஒரு துண்டும் அடில ஒரு துண்டும் எடுத்து ஒரே குரூப்புனு வச்சா என்ன வரும்? துண்டுகள எங்கிருந்து எடுத்தோம்னு மேப் போட்டு ஃபார்முலேஷன் ஏ, பி ரெண்டுக்கும் ஒரே தோல்ல இருந்து மாத்தி மாத்தி பிரிச்சு குடுங்க. ஒரு டோனருக்கு (இங்க தோல் குடுத்த ஆளு) ஒரு ஃபார்முலேஷனுக்கு குறைஞ்சது நாலு துண்டு, டோனரும் பல பேரு. அஞ்சு துண்டு ஒரே ஆளு வயித்துல இருந்து எடுத்துட்டு n = 5ன்னு எழுதுறது செல்லாது. நம்பர்களும் லாக்-நார்மலா பரவும், லாக் எடுத்துட்டு ஜியாமெட்ரிக் மீன் போடுங்க.

மீதி நம்ம கை. 0.64 சதுர செ.மீ.ல 6 மி.கி கிரீம் தடவுறது பொட்டு வைக்கிற அளவுதான், அதுல பாதி கண்ணாடிக் கம்பிலயே ஒட்டிக்கும். கம்பிய தடவுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க, வித்தியாசம்தான் டோஸ். பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பிப்பெட் (கெட்டி கிரீமையும் அளவா தள்ளுற பிப்பெட்) இருந்தா அதுல டோஸ் போடுங்க, முடிஞ்சா வாய் 15 மி.மீ இருக்குற பெரிய செல் எடுத்துக்கோங்க, பரப்பு 1.77 சதுர செ.மீ, கை நடுக்கம் அவ்ளோ தெரியாது.

அறிகுறி: கூட்டிப் பாத்தா 70%, இல்ல 120%

தடவுனது எங்கெங்க போச்சுன்னு கணக்கு பாக்கும்போது ஓஈசிடி எதிர்பார்ப்பு சராசரி 90–110%, ஐரோப்பாவோட நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழுவான எஸ்சிசிஎஸ் காஸ்மெட்டிக்குக்கு 85–115% வரைக்கும் விடும். குறைஞ்சா டோனர் மூடி, கிளாம்ப் விளிம்பு, துடைச்ச பஞ்சு, கம்பி, சிலிக்கான் கிரீஸ் எல்லாத்தையும் எக்ஸ்ட்ராக்ட் பண்ணீங்களான்னு பாருங்க, எண்ணெய் ஜாதி மருந்து கிரீஸுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். ஆவியாகுற மருந்துன்னா மேல கார்பன் வடிகட்டி வச்சு பிடிக்கணும். கூடுனா டோஸ் எடையத்தான் சந்தேகப்படணும், அடுத்தது தோல்ல இருந்து வர்ற வேற பீக். டேப் வச்சு உரிக்கும்போது முதல் ரெண்டு டேப்ல வந்தது உள்ள போகாததுன்னுதான் கணக்கு, அத தோலுக்குள்ள இருக்குறதுல சேக்காதீங்க.

அறிகுறி: மருந்தே போடாத செல்லுலயும் பீக்

மருந்து தடவாத தோல் போட்ட ஒரு செல் ஒவ்வொரு ரன்லயும் இருக்கணும், இல்லன்னா இந்த அறிகுறி இருக்குறதே தெரியாது. தோல்ல யூரோகானிக் ஆசிட்னு ஒண்ணு இயற்கையாவே இருக்கு, தண்ணில சுலபமா கரையும், 277 நானோமீட்டர் பக்கம் நல்லா உறிஞ்சும், வெளிச்சம் பட்டா வடிவம் மாறி ரெண்டு பீக்கா கூட வரலாம். 270–280ல ரன் பண்றவங்க உஷாரு. தோல முன்கூட்டியே ஒரு மணி நேரம் பிபிஎஸ் மேல வச்சு அந்த திரவத்த கொட்டிட்டு புதுசு ஊத்துனா நிறைய குறையும், மிச்சம் இருக்குறத ஹெச்பிஎல்சி காலம்ல (column) மருந்து பீக்குல இருந்து பிரிக்கணும்.

அறிகுறி: ராத்திரி தாண்டி திடீர்னு எகிறுது

18–20 மணி நேரம் ஒழுங்கா போன கோடு அப்புறம் வளைஞ்சு மேல ஏறுனா தோல் ஊறி தளர்ந்துடுச்சு இல்ல கிருமி வளந்துடுச்சு. ரிசெப்டார் கலங்கலா இருக்கா, நாத்தம் வருதான்னு பாருங்க. சோடியம் அசைடு கொஞ்சம் சேர்த்தா கிருமி நிக்கும், ஆனா அது விஷம், சிங்க்ல ஊத்தாதீங்க, ஆசிட் கூட கலக்காதீங்க, குறைஞ்ச வேவ்லெங்த்ல அதுவே பீக்கும் காட்டும். என்சைம் வேலை செய்யணும்னு ஃபிரெஷ் தோல் எடுத்தவங்க அசைடு போடக் கூடாது, ஜென்டமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்தான். நடுவுல கரண்ட் போய் பாத் ஆறி மறுபடி சூடாச்சான்னும் கேளுங்க, ராத்திரி யாரும் இல்லாத லேப்ல இது ரொம்ப சகஜம், யூபிஎஸ்ல ஸ்டிரர் மட்டும் இருக்கும் பாத் இருக்காது. 24 மணி நேரத்துக்கு மேல நீட்டணும்னா கடைசில மறுபடியும் ரெசிஸ்டன்ஸ் எடுத்து காட்டணும்.

அறிகுறி: ஏ, பி ரெண்டும் ஒரே மாதிரி, வித்தியாசமே தெரியல

ரெண்டும் நிஜமாவே சமமா இருக்கலாம், இல்ல உங்க செட்டப்புக்கு வித்தியாசம் பாக்க கண்ணில்லாம இருக்கலாம். அதே கிரீம பாதி டோஸ், முழு டோஸ், ரெண்டு மடங்கு டோஸ்னு தடவி பாருங்க, மூணு கோடும் பிரிஞ்சு வரிசையா நின்னா செட்டப் பாக்குதுன்னு அர்த்தம். ஒட்டிக்கிட்டா டோஸ் ஏற்கனவே அளவுக்கு மேல தடவுறீங்க, குறைங்க.

முட்டை ஓட்டு ஜவ்வையும் செலோஃபேனையும் வச்சு "தோல் ஊடுருவல்"னு போடுற தீசிஸ் இன்னும் வந்துட்டேதான் இருக்கு. அதுல ஸ்ட்ராட்டம் கார்னியம் மாதிரி கொழுப்பு அடுக்கு கிடையாது, கிரீம்ல இருந்து மருந்து வெளிய வர்றத மட்டும்தான் அது காட்டும், அதுக்கு பேரு ரிலீஸ் டெஸ்ட். எலித் தோலும் மனிதத் தோல விட ரொம்ப தாராளமா விடும்.

அறிகுறி: வளர்த்த தோல் மாடல்ல எல்லாமே பாஞ்சு போகுது

எபிடெர்ம், எபிஸ்கின், ஸ்கின்எத்திக் இதெல்லாம் மனித உயிரணுக்கள காத்துக்கும் திரவத்துக்கும் நடுவுல வளர்த்து எடுத்த எபிடெர்மிஸ். எரிச்சல், தோல் அரிமானம் (கரோஷன்) டெஸ்டுக்கு இதுங்க ஓஈசிடி அங்கீகாரம் வாங்குனதுதான், ஆனா உறிஞ்சல்ல பேரியர் நிஜத் தோல விட பலவீனம், ஃப்ளக்ஸ் பல மடங்கு கூட வரும். அத நேரா மனுஷனுக்கு பொருத்தாதீங்க, மருந்துகள வரிசைப்படுத்த வச்சுக்கோங்க. வழக்கத்த விடவும் கூட வந்தா பார்சல் எத்தனை நாள் வழில கிடந்துச்சுன்னு பாருங்க, கஸ்டம்ஸ்ல மாட்டுன திசுவுக்கு உயிர் இருக்காது. அந்த லாட்டோட சர்டிஃபிகேட்ல ட்ரைட்டன் எக்ஸ்-100ங்கிற சோப்பு மாதிரி ரசாயனம் போட்டு எடுத்த இடி50 (ET50, திசுவோட உயிர்ப்பு பாதியா குறைய ஆகுற நேரம்) இருக்கும், அது தயாரிப்பாளர் வீட்டுல எடுத்த நம்பர், உங்க கைக்கு வந்தப்புறம் ஒரு துண்டையாவது நீங்களே டெஸ்ட் பண்ணணும். திசு லேசா சுருங்கி இன்செர்ட் (திசு வளர்ற சின்ன கிண்ணம்) சுவர விட்டு விலகுனாலும் ஓரமா வழியும், டோஸ நடுவுல மட்டும் வைங்க.

ஸ்ட்ராட்-எம் மாதிரி செயற்கை மெம்பரேன்ல செல்லுக்கு செல் வித்தியாசம் கம்மிதான், அதுலயும் ஒரு செல் மட்டும் தனியா போச்சுன்னா தலைகீழா போட்டிருப்பீங்க, பளபள பக்கம்தான் மேல வரணும். ஒரு வாட்டி போட்டத கழுவி காய வச்சு மறுபடி போடுறதும் சில இடத்துல நடக்குது, விலை அப்படி, ஆனா உள்ள ஊறுன பழைய மருந்து அடுத்த ரன்ல முதல் சாம்பிள்லயே வந்து நிக்கும்.